புள்ளி விழாத கறுப்புக் கார்

எங்கள் சங்கமேஸ்வர லேஅவுட்டின் போர் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. ஆனால் எங்கே சொட்டினாலும் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்துவிட்டுத்தான் போகும். குழாய் வாய்க்கெல்லாம் வெள்ளைத் தாடி. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்புச் சுவர். தாவணகெரேயின் மற்ற பேட்டைக்காரர்கள் எங்கள் வீட்டுக்குப் பெண் கொடுக்கத் தயங்குவதற்குத் தலைமுடி உதிர்வதும் ஒரு காரணம் என்று என் மனைவி சர்வமங்களா சொல்வாள். என் தலையைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வாள்.

இந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு ஆயுத பூஜைக்குக் கார் கழுவுவது வருடா வருடம் நடக்கும் கூத்து. கழுவுவதற்கு முன் தூசியாக இருக்கும் கார், கழுவிய பிறகு புள்ளி புள்ளியாக இருக்கும். மேலே சந்தனம், விபூதி, செவ்வந்தி மாலை எல்லாம் ஏறிவிடுவதால் யாரும் கவனிப்பதில்லை. நான் வெள்ளி நிறத்தில் கார் வாங்கியதே இந்தப் புள்ளிகள் அதில் தெரியாது என்பதால்தான். கடையில் கேட்டபோது கௌரவமான நிறம் என்று சொல்லிவிட்டேன்.

இந்த வருடம் ஏரி வற்றியதில் போர் தண்ணீரும் நூல் மாதிரி வர ஆரம்பித்தது. எங்கள் லேஅவுட் சங்கத் தலைவர் சித்தேஸ்வரப்பா அவசரக் கூட்டம் கூட்டினார். ஓய்வு பெற்ற அரசு எஞ்சினியர். ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் எழுந்து நின்றால் முன்னால் மைக் இருப்பதாகவே நினைத்துக்கொள்வார். நான் சங்கத்தின் செயலாளர். முதல் கூட்டத்துக்குப் பேனாவோடு போன ஒரே ஆள் நான் என்பது தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

"நண்பர்களே, நம்ம ஒவ்வொரு வீட்லயும் ஆர்.ஓ. மிஷின் இருக்கு. ஒரு சொம்பு குடிதண்ணி வர்றதுக்கு ரெண்டு சொம்பு தண்ணி பக்கத்துக் குழாய் வழியா சாக்கடைக்குப் போகுது. சுத்தம் பண்ற மிஷினுக்குள்ள போயிட்டு வந்த தண்ணி. அதை நாம தூக்கிக் கொட்றோம்" என்றார்.

கூட்டம் குற்ற உணர்ச்சியோடு தலையசைத்தது.

"இனிமே அதை எல்லாரும் கேன்ல பிடிச்சு வைக்கணும். ஆயுத பூஜைக்கு இந்தத் தண்ணியில மட்டும்தான் கார் கழுவணும். போர் தண்ணிக்குத் தடை. குடிதண்ணிக்கும் தடை. இது சயின்டிஃபிக் திட்டம்."

கைத்தட்டல் அடங்கும்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "சார், அந்தத் தண்ணியில கழுவுனா வண்டி இன்னும் மோசமாயிடும்."

ஹனுமக்கா. எங்கள் எதிர்வீட்டின் பின்பகுதியில் குடியிருக்கிறாள். முப்பத்தாறு வயது. ஹுப்பள்ளியில் ஒரு கார் விற்பனைக் கடையில், புது வண்டியை வாடிக்கையாளரிடம் கொடுப்பதற்கு முன் கழுவித் துடைக்கும் பகுதியில் ஏழு வருடம் இருந்தவள். அப்புறம் இங்கே வந்து பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். போன சித்திரையில் வேனை விட்டுவிட்டு, பழைய கறுப்பு நிறக் கார் ஒன்றை வாங்கி, கல்யாணங்களுக்கு வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்திருந்தாள்.

"எப்படிம்மா மோசமாகும்?" என்றார் தலைவர், நின்ற இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் உயர்ந்து.

"மிஷின் உப்பை எங்க சார் வைக்கும்? குடிக்கிற தண்ணியிலயிருந்து எடுத்த உப்பையெல்லாம் அந்தக் குழாய்லதான் தள்ளுது. மூணு சொம்பு தண்ணியோட உப்பு ரெண்டு சொம்புல நிக்கும். பாத்திரம் கழுவலாம், தரை துடைக்கலாம். கார் மேல காய விட்டா அவ்வளவுதான்."

எனக்குப் புரிந்தது. எட்டாவது படிக்கிற பிள்ளைக்கும் புரியும். ஆனால் தலைவருக்கு முன்னால் நாற்பது தலைகள் இருந்தன.

"நான் முப்பத்திரண்டு வருஷம் தண்ணியோட வேலை பாத்தவன்மா."

"நான் காரோட வேலை பாத்தவ சார்."

யாரோ சிரித்தார்கள். அது நானாகவும் இருக்கலாம். தலைவர் என் பக்கம் திரும்பி, "தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது, எழுதிக்கோங்க" என்றார். ஏகமனதாக என்று எழுதினேன். என் பேனாவின் முதுகெலும்பு அவ்வளவுதான்.

ஹனுமக்காவுக்கு இந்த வருட ஆயுத பூஜை வெறும் பூஜை அல்ல. பாக்கு மண்டி ருத்ரமுனி அன்று தலைவர் வீட்டுக்கு வருவதாக இருந்தார். அவருக்குக் கார்த்திகையில் மகள் கல்யாணம். அதைத் தொடர்ந்து தம்பி மகன், மைத்துனி மகள் என்று அந்த வீட்டில் மட்டும் அந்தப் பருவத்துக்கு ஐந்து கல்யாணம். முதல் கல்யாணத்தில் மாப்பிள்ளை எந்தக் காரில் ஊர்வலம் போகிறாரோ அந்தக் கார்தான் மற்ற நான்குக்கும். ராசி என்பது அவர்கள் வீட்டில் அப்படித்தான் வேலை செய்யும். ஹனுமக்கா அவருடைய மண்டிக்கே போய்க் கேட்டிருந்தாள். "பூஜை அன்னிக்கு அந்தப் பக்கம் வர்றேன், வண்டியைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லியிருந்தார்.

இது நடக்காவிட்டால் பழையபடி பள்ளிக்கூட வேன். "இருபத்திரண்டு பசங்க அண்ணா. அதுல மூணு பேர் தினமும் வாந்தி எடுப்பானுங்க. நாலாவது ஆளு அவனுங்களைப் பாத்துட்டு எடுப்பான்" என்று என்னிடம் ஒருநாள் சொன்னாள்.

இதைத் தெரிந்துகொண்டோ தெரியாமலோ, சித்தேஸ்வரப்பா ருத்ரமுனிக்குப் போன் செய்து ஒரு காரியம் செய்துவிட்டார். தலைவரிடம் அவர் மகன் வாங்கிக் கொடுத்த புதுக் கறுப்பு வண்டி இருக்கிறது, யானைக்குட்டி சைஸில். "வாடகை வண்டி எதுக்கு ருத்ரமுனி? நம்ம வண்டியை எடுத்துக்கோ. உன் மருமகன் நம்ம வண்டியில வந்தா எனக்கும் பெருமைதானே" என்று சொல்லியிருக்கிறார். மண்டி சங்கத் தேர்தலில் தலைவரின் மகன் நிற்கப்போவது தற்செயல் என்றே எடுத்துக்கொள்வோம்.

ஆக, திங்கட்கிழமை பூஜைக்கு ஒரே தெருவில் இரண்டு கறுப்புக் கார். பார்க்க வருகிறவர் ஒருவர்.

ஹனுமக்கா அதற்கு முன்பே தயாராக இருந்தாள். புரட்டாசி மழையில் தகரக் கூரையிலிருந்து வழிந்த தண்ணீரை ஒரு நீல டிரம்மில் பிடித்து, வேட்டித் துணியால் வாய்கட்டி வைத்திருந்தாள். "மழைத் தண்ணியில உப்பே கிடையாது அண்ணா. அப்படியே காய விட்டாலும் பெருசா தெரியாது" என்று சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தலைவர் டெங்கு ஒழிப்புச் சுற்றுக்குக் கிளம்பினார். மூடாத தண்ணீர் எங்கிருந்தாலும் கவிழ்ப்பது அவருடைய கொள்கை. மூடிய தண்ணீரை என்ன செய்வது என்று கொள்கையில் இல்லை. அதனால் முதலில் துணியை அவிழ்த்தார். அப்புறம் அது மூடாத தண்ணீராகிவிட்டது.

"சார், துணி கட்டித்தானே வெச்சிருந்தேன். ஒரு கொசுப்புழுவைக் காட்டுங்க பாக்கலாம்."

"காட்டுற அளவுக்கு வளர்ற வரைக்கும் காத்திருக்க முடியாதும்மா" என்றார். கூட வந்த காவலாளி டிரம்மைச் சாய்த்தான். ஒரு டிரம் மழை எங்கள் தெருவின் குறுக்கே ஓடி, புங்க மரத்தடியில் போய் உட்கார்ந்தது. நான் பேரேட்டோடு பக்கத்தில் நின்றிருந்தேன். "ஒரு டிரம், அகற்றப்பட்டது" என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

ஹனுமக்கா ஓடும் தண்ணீரைத் தாண்டி வந்தாள். அப்புறம் காவலாளியிடம், "டிரம்மையாவது நேரா வெச்சுட்டுப் போப்பா" என்றாள்.

சாயங்காலம் நான் அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். செயலாளராக அல்ல, வெட்கத்தில்.

"இப்ப என்ன பண்ணுவே?"

"சங்கம் எனக்கு ரெண்டு வாளி ஆர்.ஓ. வேஸ்ட் குடுத்திருக்கு. அப்புறம் இது இருக்கு" என்று மூலையில் இருந்த தண்ணீர்க் கேனைக் காட்டினாள். தெருமுனையில் காசு போட்டுப் பிடிக்கும் சுத்தக் குடிநீர் மிஷினில் பிடித்த கேன். பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. பத்து லிட்டர் தேறும்.

"அது உன் குடிதண்ணி. நாளைக்கு அந்த மிஷினும் பூஜைக்கு மூடியிருப்பான்."

"ஒரு நாள் டீ குடிக்கலைன்னா செத்துட மாட்டேன்."

"பத்து லிட்டர்ல ஒரு காரா?"

"நாலு லிட்டர் போதும்னு சொன்னா நம்ப மாட்டீங்க. பத்து இருக்கறப்ப ராஜா மாதிரி கழுவலாம். ஆமா, குடிதண்ணியில கழுவக் கூடாதுன்னு தீர்மானத்துல எழுதியிருக்கீங்களே, என்ன செய்யப் போறீங்க?"

"காலையில அஞ்சே முக்காலுக்குப் பேரேட்டைத் தூக்கிக்கிட்டு எவனும் வர மாட்டான்."

"நீங்க வருவீங்க" என்றாள். "பேரேடு இல்லாம வாங்க."

போனேன். சர்வமங்களாவும் வந்தாள். காரணம் கேட்டதற்கு, "முப்பது வருஷமா நீ கார் கழுவறதைப் பாத்திருக்கேன். கார் கழுவறதை இன்னும் பாத்ததில்லை" என்றாள்.

ஹனுமக்கா காரை ஏற்கெனவே புங்க மரத்தடியிலிருந்து எடுத்து, எங்கள் வீட்டுச் சுவரின் மேற்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தாள். சூரியன் வந்தாலும் ஒன்பது மணி வரை அங்கே வெயில் எட்டாது. மரத்தடி நிழல்தானே என்று கேட்டேன். "நிழல் தரும், மேல எச்சமும் தரும்" என்றாள். முதல் வேலையாகப் புறங்கையை இஞ்சின் மேலிருக்கும் முன்மூடியில் வைத்துப் பார்த்தாள், காய்ச்சல் பார்ப்பது போல. ராத்திரிக் குளிர் தகரத்தில் இன்னும் இருந்தது. அவளுக்குத் திருப்தி.

பக்கத்தில் ஒரு ஸ்டூலில் பழைய பனியன் துணிகள் நான்காக மடித்து அடுக்கியிருந்தன. தனியாக, ஒரு பாலித்தீன் பைக்குள், தடிமனான மைக்ரோஃபைபர் துண்டு ஒன்று. அதைப் புடவைக்கடைக்காரர் பட்டுச் சேலையை எடுப்பது போல எடுத்து வைத்தாள். கேனிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் பிடித்து, மூடி போட்டு, சுவரோரமாகத் தள்ளி வைத்தாள்.

"இது எதுக்கு?"

"அதைத் தொடாதீங்க. அது கடைசிக்கு."

மீதியில் பாதியை ஒரு வாளியில் ஊற்றி, ஷாம்பு நான்கே சொட்டு விட்டாள். மற்ற பாதி இன்னொரு வாளியில், எதுவும் சேர்க்காமல். சங்கத்தின் இரண்டு வாளியையும் சக்கரங்களுக்கென்று ஒதுக்கினாள். சக்கரத்தை முடித்து, காயும் முன்னே துடைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டுதான் மேலே வந்தாள்.

கூரையிலிருந்து ஆரம்பித்தாள். நான் கழுவினால் முதலில் குழாயை எடுத்து வண்டி முழுவதும் பீச்சுவேன். அவள் கூரையில் பாதியை மட்டும் ஈரத் துணியால் ஒற்றினாள். தேய்க்கவில்லை. துணி தூசியைக் குடிக்கும் வரை அப்படியே வைத்து, ஒரே போக்கில் இழுத்தாள். மடிப்பைத் திருப்பினாள். அழுக்கான துணி மறுபடி வாளிக்குள் போகவே இல்லை, தரையில் விழுந்தது. அடுத்த துணி நல்ல தண்ணீர் வாளியிலிருந்து. அதன் பின்னாலேயே துண்டு. துண்டை விரித்துப் போட்டு, இரண்டு முனையையும் பிடித்து மெல்ல இழுத்தாள். கூரையின் பாதி காய்ந்து கறுத்துக் கிடந்தது. மற்ற பாதி இன்னும் தூசியாகவே இருந்தது.

"ஏன் முழுசா நனைக்கலே?" என்றேன்.

"என்கிட்ட ரெண்டு கைதானே இருக்கு. துடைக்க முடியற அளவுக்குத்தான் நனைக்கணும். தண்ணி தானா காய்ஞ்சா அதுல இருந்தது எல்லாம் வண்டி மேல உக்காந்துக்கும். நாம காய வெச்சா துண்டுல போயிடும். இவ்வளவுதான் விஷயம் அண்ணா. இதுக்கு ஏழு வருஷம் ஆச்சு எனக்கு."

ஏழு வருடம் ஏன் ஆனது என்பது அவள் கையைப் பார்த்தால் புரிந்தது. சொன்னது இரண்டு வாக்கியம். கை செய்தது வேறு. ஒரு கதவு முடிவதற்குள் அடுத்த துணி எது, எந்த மடிப்பு, எவ்வளவு ஈரம் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. எங்கும் அவசரமில்லை, எங்கும் நிற்கவுமில்லை. நான் பல மேடைகளைப் பார்த்தவன். சால்வை போர்த்தப்பட்ட பல மேதைகளுக்கு வரவேற்புரை வாசித்தவன். ஒரு வேலை தெரிந்த மனிதரை இவ்வளவு பக்கத்தில் பார்த்த ஞாபகம் இல்லை. சர்வமங்களா காப்பி கொண்டுவர எழுந்து, போக மனமில்லாமல் மறுபடி உட்கார்ந்தாள். அவளை இப்படி உட்கார வைக்கும் காரியம் எதையும் என் வாழ்க்கையில் நான் செய்ததில்லை.

கார் முழுவதும் முடிந்தது. முடிந்தது என்று நான் நினைத்தேன். அவள் நான்கு கதவையும் திறந்து திறந்து அறைந்து மூடினாள். பின்மூடியை இரண்டு தடவை சாத்தினாள். கதவு இடுக்கிலிருந்து, பக்கக் கண்ணாடியின் அடியிலிருந்து, நம்பர் பலகைக்குப் பின்னாலிருந்து ஒளிந்திருந்த தண்ணீர் கோடு கோடாக வழிந்தது.

"பாத்தீங்களா, திருடனுங்க. நாம போனதுக்கப்புறம் வர்றதுக்குன்னே உக்காந்திருப்பானுங்க."

துடைத்தாள். ஏறி உட்கார்ந்து, தெருமுனை வரை ஓட்டிப் போய், திடீரென்று பிரேக் போட்டாள். திரும்பி வந்தபோது கண்ணாடிக்குக் கீழே இன்னும் ஒரு துளி. அதையும் எடுத்தாள். பக்கக் கண்ணாடியின் இடுக்கில் ஒரு சின்னத் துணியைச் செருகி வைத்தாள். மணி ஏழு பத்து.

"ராகு காலத்துக்கு முன்னால முடிச்சுட்டியே" என்றாள் சர்வமங்களா.

"ராகுவை விட எனக்கு வெயில்தான் பயம் அக்கா."

சர்வமங்களா காப்பியோடு எங்கள் ஆர்.ஓ. தண்ணீர் ஒரு குடம் நிறைய கொண்டுவந்து கொடுத்தாள். "குடிக்கறதுக்கு. கார்ல ஊத்தினே, கொன்னுடுவேன்."

சித்தேஸ்வரப்பா பஞ்சாங்கப்படி நடக்கிறவர். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது ராகு காலம். அதற்குள் சுப காரியத்துக்கான வண்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழக் கூடாது என்று சொல்லிவிட்டார். தலைவர் காத்திருந்ததால் லேஅவுட்டே காத்திருந்தது. சரியாக ஒன்பது ஐந்துக்கு, வெயில் தகரத்தைத் தோசைக்கல் ஆக்கிய பிறகு, முப்பது வீட்டு வாசலிலும் கேன்கள் கவிழ்ந்தன. தலைவர் தானே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு பீச்சுக் குழாய் மோட்டாரோடு இறங்கினார். எட்டு கேன் தண்ணீர் அதன் தொட்டியில் போயிற்று. யானைக்குட்டி நனைந்தது. வெயிலில் பளபளத்தது. அந்த நேரத்தில் போட்டோ எடுத்திருந்தால் எந்தக் குறையும் சொல்ல முடியாது.

"பாத்தீங்களா செயலாளரே, ஒரு சொட்டு போர் தண்ணி செலவில்லை."

"ரொம்பப் பிரமாதம்" என்றேன்.

"துடைக்கட்டுமா சார்?" என்று காவலாளி கேட்டான்.

"வெயில் எதுக்குப்பா இருக்கு? தானா காயும். துணி போட்டா கீறல் விழும்."

தானாகவே காய்ந்தது. முன்மூடியின் மேல் முதலில் ஒரு மங்கல். அப்புறம் விளிம்பில் வளையம் வளையமாக வெள்ளை. பத்து மணிக்கு அந்தக் கறுப்பு வண்டி முழுவதும், யாரோ அரிசி மாவைக் கையில் அள்ளி ஊதிவிட்டது போல ஆகிவிட்டது. தலைவர் தோள் துண்டால் ஓர் இடத்தைத் தேய்த்தார். வளையங்கள் கலங்கி மேகமாயின. தெரு முழுவதும் அதே கதை. என் வெள்ளி நிற வண்டி மட்டும் ஒன்றும் நடக்காதது போல நின்றது. கோழைத்தனத்துக்கும் சில சமயம் பலன் உண்டு.

பத்தேகாலுக்கு ருத்ரமுனி வந்தார். மெலிந்த மனிதர், தலையில் ரோஜா நிறத் தலைப்பாகை, எங்கள் ஊர்ப் பேட்டா, நெற்றியில் மூன்று கோடு விபூதி. கொட்டைப் பாக்கைக் கையில் எடுத்து உருட்டியே விலை சொல்கிறவர். கண் எதன் மேல் விழுந்தாலும் அதைத் தரம் பிரிக்கும். முதலில் யானைக்குட்டியைத்தான் பார்த்தார்.

"என்ன சித்தேஸ்வரப்பா, புது வண்டிக்கு அம்மை வார்த்திருக்கா?"

"அது வந்து, விபூதி தெளிச்சோம்."

"பின்னாடி கூடவா?"

"சர்வாங்கம்" என்றார் தலைவர். நெருக்கடியில் அவருக்கு சம்ஸ்கிருதம் வந்துவிடும்.

ருத்ரமுனி தெருவின் எதிர்ப்பக்கம் நடந்தார். ஹனுமக்காவின் கார் எங்கள் சுவரோரம் நின்றது. அதிலும் மாலை இருந்தது, ஆனால் மாலைக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு மடித்த துணி இருந்தது. பூவின் ஈரம் இறங்காமலிருக்க. சந்தனமும் குங்குமமும் நம்பர் பலகையின் மேல் மட்டும். மற்ற இடமெல்லாம் கறுப்பு. கிணற்றுக்குள் பார்ப்பது போல ஆழமான கறுப்பு. ருத்ரமுனி குனிந்தார். பேட்டா ஒரு பக்கம் சரிந்திருப்பதைக் கதவில் பார்த்து, நேராக்கிக்கொண்டார். அப்புறம்தான் தான் என்ன செய்தோம் என்பது அவருக்கே புரிந்தது.

"பழைய வண்டிதானே இது?"

"பதினோரு வருஷம் சார்" என்றாள் ஹனுமக்கா.

இன்னும் பூஜை முடியவில்லை. பூஜை செய்ய வந்த லிங்காயத்துப் பூசாரி ஜங்கமர், தலைவர் வீட்டுக் கலசத்தோடு ஒவ்வொரு வண்டியாக மந்திரம் சொல்லி, மாவிலையால் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். அந்தக் கலசத்தில் என்ன தண்ணீர் என்று எனக்குத் தெரியும். தலைவரின் சயின்டிஃபிக் தண்ணீர். கடவுளுக்கும் விதிவிலக்கு இல்லை என்று அவரே பெருமையாகச் சொல்லியிருந்தார். இன்னும் இரண்டு வண்டி தாண்டினால் ஹனுமக்காவின் கார். ருத்ரமுனி அங்கேயே நின்றுகொண்டிருந்தார். சுவரோரமும் இப்போது வெயில். தீர்த்தத்தைத் தடுக்க முடியாது. விழுந்த தீர்த்தத்தைத் துடைத்தால் அதைவிட அபச்சாரம் கிடையாது. பாக்கு மண்டிக்காரர் முன்னால் அதைச் செய்தால், ஐந்து கல்யாணமும் அங்கேயே முடிந்தது.

ஹனுமக்காவின் முகத்தைப் பார்த்தேன். சாதாரணமாகச் சுவரோரம் போய், மூடி போட்டிருந்த சொம்பை எடுத்து வந்தாள்.

"சாமி, எங்க வண்டிக்கு இந்தத் தண்ணியில மந்திரம் சொல்லுங்க. வீட்ல குடிக்கற தண்ணி. அதைக் குடுத்து பூஜை பண்ணணும்னு ஒரு ஆசை."

ஜங்கமர் சொம்பை வாங்கினார். கலசத்தைத் தூக்கித் தூக்கி அவருக்கும் கை வலித்திருக்கும். "குடிக்கிற தண்ணியையா குடுக்கறே? நல்ல மனசும்மா" என்றார். மந்திரம் சொன்னார். மாவிலையை நனைத்து, வஞ்சனையில்லாமல் தெளித்தார். துளிகள் முன்மூடியில் உருண்டு நின்றன.

ருத்ரமுனி நகரவில்லை. நானும்தான். ஐந்து நிமிடத்தில் வெயில் துளிகளைக் குடித்தது. துளி இருந்த இடத்தைத் தேடினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தேடினேன். அந்த இடத்தில் என் மூக்குதான் தெரிந்தது.

ருத்ரமுனி விரலால் முன்மூடியில் ஒரு கோடு இழுத்து, விரலைப் பார்த்தார். "கல்யாணத்தன்னிக்கும் இப்படி இருக்குமா?"

"மழை பெய்ஞ்சா இருக்காது சார்."

"மழை பெய்ஞ்சா?"

"பெய்ஞ்சு விட்டதும் பத்து நிமிஷம் குடுங்க. இருக்கும்."

"எல்லாரும் கண்டிப்பா இருக்கும்னுதான் சொல்லுவாங்க, இவ மழையையும் சேத்துச் சொல்றா" என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னார், நான் ஏதோ அவளுடைய ஜாமீன்தாரர் போல. பிறகு அவளிடம், "கார்த்திகை ஏழாம் தேதி. மண்டிக்கு வந்து மத்த நாலு தேதியையும் எழுதிக்கிட்டுப் போ" என்றார்.

"சரி சார்" என்றாள். பேச்சு அவ்வளவுதான். ஆனால் அவர் தலைவர் வீட்டில் ஹோளிகைப் போளி சாப்பிடத் திரும்பியதும், என் வீட்டுச் சுவரில் கை ஊன்றிக் கொஞ்ச நேரம் நின்றாள். சர்வமங்களா போய் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

"இனிமே வாந்தி இல்லே" என்றாள் ஹனுமக்கா.

ருத்ரமுனி ஹோளிகையை நெய்யோடு சாப்பிட்டுவிட்டு, தலைவரின் மகனுக்குத் தேர்தலில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது யானைக்குட்டியைச் சுற்றிக்கொண்டு போனார், ஒட்டிக்கொள்ளும் என்பது போல.

சாயங்காலம் நான்கரை மணிக்கு, தெருவில் மண்டக்கிப் பொரியும் மிளகாய் பஜ்ஜியும் மணத்துக்கொண்டிருந்த நேரத்தில், சித்தேஸ்வரப்பா ஹனுமக்கா வீட்டுக்குப் போகும் எதிர்வீட்டுப் பக்கவாசலுக்கு வந்தார். பக்கத்தில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். நான் பால்கனியில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. மனிதர்கள் மேலே பார்ப்பதில்லை, அதனால்தான் நான் பால்கனியில் உட்கார்கிறேன்.

"ஹனுமக்கா, அந்தப் புள்ளி... போகுமா?"

அவள் ஒரு நிமிடம் அவரைப் பார்த்தாள். அந்த நிமிடத்தில் ஒரு நீல டிரம் கவிழ்வது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும், துண்டைத் தோள் மாற்றினார்.

"போகும் சார். ஒரு வாரம் விட்டிருந்தா பெயிண்டைத் தின்னிருக்கும். வினிகர் இருக்கா வீட்ல? ஒரு பங்குக்கு ஒரு பங்கு நல்ல தண்ணி. நல்ல தண்ணின்னா குடிக்கிற தண்ணி."

"தீர்மானத்துல குடிதண்ணிக்கு..." என்று ஆரம்பித்தவர் தானே நிறுத்திக்கொண்டார்.

"வண்டியை நிழலுக்குக் கொண்டாங்க. முழுசும் ஆறட்டும். நானே வந்து பண்ணித் தர்றேன். அதுவரைக்கும் துண்டை எடுத்துத் தேய்க்காதீங்க."

வண்டி எங்கள் சுவரின் கிழக்குப் பக்கத்துக்கு வந்தது. அந்த நேரத்தில் நிழல் அங்கேதான். அவள் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் சூடு இருக்கிறது, காத்திருக்க வேண்டும் என்றாள். தலைவர் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். முப்பத்திரண்டு வருடம் தண்ணீரோடு வேலை பார்த்த மனிதர், ஒரு தகரம் ஆறுவதற்காக முக்கால் மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒருமுறை எழுந்தார்.

"உக்காருங்க சார். அவசரப்பட்டா மறுபடி வரும்."

உட்கார்ந்தார்.

ஆறியதும் அவள் ஆரம்பித்தாள். வினிகர்த் துணியை ஒரு திட்டின் மேல் ஒற்றி வைத்தாள். எடுத்தாள். நல்ல தண்ணீர்த் துணி. துண்டு. அவருடைய புது வண்டி என்பதற்காக வேகமாகவும் செய்யவில்லை, அவருடைய வண்டி என்பதற்காக மோசமாகவும் செய்யவில்லை. காலையில் தன் காரைத் துடைத்தபோது கையில் இருந்த அதே கணக்கு. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்னப் பழிவாங்கலுக்கு அந்தக் கையில் எங்கேயும் இடமில்லை. என் கையில் இடம் உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முன்மூடியின் ஒரு பாதி கறுத்தது. தலைவர் நாற்காலியிலிருந்து குனிந்து அதில் தன் முகத்தைப் பார்த்தார்.

"மழைத் தண்ணியா இருந்தா இந்தப் பிரச்சினையே வராது, இல்லையா?" என்றார் மெதுவாக.

"ஆமா சார். ஒரு டிரம் வெச்சிருந்தேன்" என்றாள் ஹனுமக்கா, துணியின் மடிப்பைத் திருப்பிக்கொண்டே.

மறுநாள் கூட்டத்தில் தலைவர் புதுத் திட்டம் ஒன்று அறிவித்தார். ஒவ்வொரு வீட்டுக் கூரைத் தண்ணீரையும் மூடிய டிரம்மில் பிடிக்க வேண்டும், கார் கழுவ அதைத்தான் பயன்படுத்த வேண்டும், இது தன் நீண்ட ஆராய்ச்சியின் முடிவு என்றார். கைத்தட்டல் பலமாக இருந்தது. பின்வரிசையில் ஹனுமக்காவின் நாற்காலி காலி. அவள் மண்டிக்குத் தேதி எழுதப் போயிருந்தாள்.

"ஏகமனதாக, எழுதிக்கோங்க" என்றார் தலைவர்.

எழுதினேன். பேனா கையில் இருந்ததால், அதன் கீழே இன்னொரு வரியும் எழுதினேன்: திட்டம் முதலில் ஹனுமக்காவால் நடைமுறைப்படுத்தப்பட்டது. முதல் டிரம் சங்கத்தால் கவிழ்க்கப்பட்டது.

தலைவர் பேரேட்டில் படிக்காமலேயே கையெழுத்துப் போடுகிறவர். போட்டார்.